தரவுப் புலங்களைச் சரிபார்ப்பது எப்படி? பைடான்டிக் லைப்ரரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிரல் எழுதுபவர் தன் கணக்கில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நிரலுக்குள் வரும் தரவு அவர் கையில் இல்லை. படிவத்தை யாரோ ஒருவர் நிரப்புகிறார். வேறொரு சேவை ஜேசான் (சேவைகளுக்கிடையே தரவு பரிமாறும் உரை வடிவம்) அனுப்புகிறது. விரிதாளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பு ஒன்று வந்து சேர்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருக்கும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கும். இதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டால் பிழை அங்கேயே வெடிக்காது. பல ஃபங்ஷன்களைக் கடந்து, தரவுத்தளத்தில் பதிவாகி, ஒரு நாள் வேறெங்கோ தலைகாட்டும். அப்போது மூலத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

பலரும் இதற்குச் செய்வது, தேவைப்படும் இடத்திலெல்லாம் நிபந்தனை பார்க்கும் ‘இஃப்’ வரிகளைத் தூவுவது. அது போதாது. ஒரே விதி மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்படும்; நான்காவது இடத்தில் மறந்துபோகும். சரிபார்ப்பு நிரலின் எல்லையில், ஒரே இடத்தில், ஒரே முறை நடக்க வேண்டும். அதைத் தாண்டி உள்ளே வந்த தரவை மற்ற பகுதிகள் ஐயமின்றிப் பயன்படுத்த முடிய வேண்டும். சரிபார்ப்பு லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) உண்மையான பயன் இதுதான். தட்டச்சு மிச்சமாவது அதற்கு அடுத்ததுதான்.

இங்கே பைத்தான் மொழிக்கான பைடான்டிக் என்ற சரிபார்ப்பு லைப்ரரியை எடுத்துக்கொள்கிறேன். அறை முன்பதிவுப் படிவம் ஒன்று உதாரணம்: பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், வரும் தேதி, போகும் தேதி, ஆட்களின் எண்ணிக்கை, கட்டணம். பைத்தான் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். ‘மாடல் வேலிடேட்’ என்பதுபோல இரண்டோ அதற்கு மேலோ சொற்களாக வருபவற்றுக்கு நடுவே நிரலில் அடிக்கோடு வரும். ‘பேஸ்மாடல்’ போலச் சேர்த்து எழுதியவை நிரலிலும் சேர்ந்தே வரும்.

படி 1: விதிகளை முதலில் தாளில் எழுதுங்கள்

நிரலைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு புலத்துக்கும் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது எந்த வகைத் தரவு? கட்டாயமா? குறைந்த அளவும் அதிக அளவும் என்ன? வேறு புலத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

‘கட்டாயமா’ என்ற கேள்விக்குள் மூன்று நிலைகள் ஒளிந்திருக்கின்றன. புலமே வராமல் இருப்பது ஒன்று. புலம் வந்து, அதன் மதிப்பு ‘நன்’ என்று, அதாவது எதுவுமில்லை என்று இருப்பது இன்னொன்று. வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரை, வருவது மூன்றாவது. உலாவியில் நிரப்பாமல் விட்ட உரைப்பெட்டி பெரும்பாலும் மூன்றாவது நிலையில்தான் வந்து சேரும். கட்டாயம் என்று அறிவித்த பெயர்ப் புலம் வெற்றுச் சரத்தைத் தடையின்றி ஏற்றுக்கொள்வதைப் பார்த்துத் திகைப்பவர்கள், இந்த வேறுபாட்டைத் தாளில் எழுதாமல் விட்டவர்கள்தான்.

படி 2: நிறுவுதல், பதிப்பைப் பார்த்துக்கொள்ளுதல்

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் ‘பிப்’ கருவியால் பைடான்டிக்கை நிறுவலாம். மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்க ‘இமெயில் வேலிடேட்டர்’ என்ற துணைத் தொகுப்பும் தேவை. அதையும் சேர்த்து நிறுவிவிடுங்கள்.

பதிப்பு முக்கியம். 2023 ஜூனில் வெளியான 2ஆம் பதிப்பில் உட்கரு ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. வேகம் கூடியது, பெயர்களும் மாறின. முன்பு ‘வேலிடேட்டர்’ என்றிருந்தது ‘ஃபீல்டு வேலிடேட்டர்’ ஆயிற்று. ‘பார்ஸ் ஆப்ஜ்’ இப்போது ‘மாடல் வேலிடேட்’. ‘டிக்ட்’ இப்போது ‘மாடல் டம்ப்’. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பல 1ஆம் பதிப்பைச் சார்ந்தவை. பழைய பெயர்களைக் கண்டால் அந்தப் பாடத்தின் மற்ற கூற்றுகளையும் அப்படியே நம்பாதீர்கள், ஏனெனில் பெயர்களோடு நடத்தையும் சில இடங்களில் மாறியிருக்கிறது.

படி 3: மாடலை அறிவித்தல்

மாடல் என்பது புலங்களின் வார்ப்பு. பைடான்டிக் தரும் பேஸ்மாடலிலிருந்து வழிவரும் ஒரு கிளாஸ் எழுதி, ஒவ்வொரு புலத்துக்கும் பெயரையும் வகையையும் கொடுக்க வேண்டும். பெயருக்கு எழுத்துச் சரம், ஆட்களுக்கு முழு எண், இரு தேதிகளுக்கும் ‘டேட்’ வகை, மின்னஞ்சலுக்கு ‘இமெயில்ஸ்டர்’. இதுவரை எளிது. இரண்டு புலங்களில்தான் யோசிக்க வேண்டும்.

தொலைபேசி எண்ணை எண்ணாக அறிவிக்காதீர்கள். அதைக் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. எண்ணாக்கினால் முன்னால் நிற்கும் பூஜ்யமும் கூட்டல் குறியும் தொலைந்துபோகும். அஞ்சல் குறியீடு, கணக்கு எண், அடையாள எண் எல்லாவற்றுக்கும் இதே விதி: இலக்கங்களால் ஆன பெயர்கள் அவை, எனவே சரம்.

கட்டணத்துக்கு ‘ஃப்ளோட்’ வேண்டாம். ‘டெசிமல்’ வகையைப் பயன்படுத்துங்கள். ஃப்ளோட் எண்கள் இரும முறையில் சேமிக்கப்படுவதால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 கிடைக்கும். பணக் கணக்கில் இந்த எச்சம் எங்காவது தங்கிவிடும். டெசிமல் புலத்துக்கு ‘டெசிமல் ப்ளேசஸ்’ என்ற வரம்பைக் கொடுத்தால், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வரலாம் என்பதையும் கட்டுப்படுத்தலாம்.

விருப்பப் புலங்களில் ஒரு சிக்கல் உண்டு. 2ஆம் பதிப்பில் ஒரு புலத்தை ‘ஆப்ஷனல்’ என்று மட்டும் அறிவித்தால் அது கட்டாயப் புலமாகவே இருக்கும். நன் மதிப்பை ஏற்கும், ஆனால் புலம் வந்தே ஆக வேண்டும். வராமலும் இருக்கலாம் என்றால் இயல்பு மதிப்பாக நன்னை எழுத வேண்டும். அதேபோல, பதிவு நேரத்துக்கு இயல்பு மதிப்பாக ‘இப்போதைய நேரம்’ கொடுக்கும் ஃபங்ஷனை நேரடியாக அழைத்து எழுதினால், கிளாஸ் உருவான அந்த ஒரு கணம்தான் எல்லாப் பதிவுகளிலும் இருக்கும். அதற்கு ‘டிஃபால்ட் ஃபேக்டரி’யில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் அது புதிதாக இயங்கும்.

படி 4: வரம்புகள்

‘ஃபீல்டு’ என்ற ஃபங்ஷன் வழியாக வரம்புகளைக் கொடுக்கலாம். ஆட்களின் எண்ணிக்கைக்கு ‘ஜிஇ’ 1, ‘எல்இ’ 6 என்றால் ஒன்று முதல் ஆறு வரை, இரு முனைகளும் உட்பட. ‘ஜிடி’, ‘எல்டி’ இரண்டும் முனையைச் சேர்க்காதவை. சரங்களுக்கு ‘மின் லெங்த்’, ‘மேக்ஸ் லெங்த்’. அதிகபட்ச நீளத்தை எல்லாச் சரங்களுக்கும் கொடுத்துவிடுவது நல்லது. பெயர்ப் பெட்டியில் ஒரு முழுப் புத்தகத்தையே ஒட்டி அனுப்புவதை வேறெதுவும் தடுக்காது.

படி 5: தானாக நடக்கும் மாற்றங்களைப் புரிந்துகொள்ளுதல்

பைடான்டிக் சரிபார்ப்பதோடு நிற்பதில்லை. இயன்றவரை மாற்றியும் தருகிறது. அதைப் பயன்படுத்துவோரில் பலர் இந்தப் பகுதியைத்தான் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இயல்பான நிலையில் முழு எண் புலத்துக்கு "4" என்ற சரம் வந்தால் அது 4 ஆகிவிடும். 4.0 வந்தாலும் 4 ஆகும், 4.5 வந்தால் மறுக்கப்படும். பைத்தானின் ‘ட்ரூ’ வந்தால் 1 ஆகும். ஆம்-இல்லை வகைப் புலத்துக்கு ‘யெஸ்’, ‘ஆன்’ போன்ற ஆங்கிலச் சொற்களும் 1 என்ற எண்ணும் ஆம் என்றே ஏற்கப்படும். எதிர்த்திசையில் அப்படி இல்லை: சரப் புலத்துக்கு எண் வந்தால் 2ஆம் பதிப்பு மறுத்துவிடும். தொலைபேசி எண்ணைச் சரமாக அறிவித்தவர்களுக்கு இது நல்ல காவல்.

தேதிகளில் இந்த மாற்றம் ஆபத்தானது. தேதியும் நேரமும் சேர்ந்த ‘டேட்டைம்’ புலத்துக்கு எண் வந்தால், 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக அது கொள்ளப்படும். ஒருவர் 2024 ஜனவரி 15 என்ற பொருளில் 20240115 என்று எண்ணாக அனுப்பினால், பிழை எதுவும் எழாது. 1970 ஆகஸ்ட் 23 என்ற தேதி அமைதியாகப் பதிவாகும்.

இதற்கு மருந்து ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற கண்டிப்பான நிலை. ஒரு புலத்துக்கு மட்டும், மாடல் முழுவதற்கும், அல்லது ஒரே ஒரு அழைப்புக்கு என மூன்று அளவுகளில் அதை இயக்கலாம். எங்கே எதைத் தேர்வது? ஹெச்டிஎம்எல் படிவத்திலிருந்தும் சிஎஸ்வியிலிருந்தும் எல்லாமே சரமாகத்தான் வரும்; அங்கே கண்டிப்பு காட்டினால் எதுவும் உள்ளே வராது. ஜேசானில் எண்ணுக்கும் சரத்துக்கும் வேறுபாடு உண்டு; அங்கே கண்டிப்பாக இருப்பதே என் பரிந்துரை. ஜேசானில் தேதி வகை இல்லை என்பதால், ‘மாடல் வேலிடேட் ஜேசான்’ வழியாகப் படிக்கும்போது கண்டிப்பான நிலையிலும் சரமாக வரும் தேதி ஏற்கப்படும். ஜேசானை முதலில் பைத்தானின் அகராதியாக (திறவும் மதிப்பும் கொண்ட அமைப்பாக) மாற்றிவிட்டு, பிறகு ‘மாடல் வேலிடேட்’ செய்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

படி 6: உரைப் புலங்கள், தமிழ் உரை உட்பட

முதலில் ஓரங்களில் உள்ள வெற்றிடங்களை நீக்குங்கள். மாடலின் கான்ஃபிக்டிக்ட் அமைப்பில் ‘ஸ்டர் ஸ்ட்ரிப் வொயிட்ஸ்பேஸ்’ என்பதை இயக்கினால் போதும். குறைந்தபட்ச நீளம் 1 என்ற விதியோடு இது சேரும்போதுதான் வெறும் இடைவெளிகளால் ஆன பெயர் தடுக்கப்படும்.

நீளம் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வி. பைத்தான் யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. நாம் கண்ணால் காணும் எழுத்துகளை அல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. நிரலுக்கு ஐந்து, ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை வடிவம் நான்கு குறியீடுகள். பெயருக்கு அதிகபட்சம் 20 என்று ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து எழுதினால், நடுத்தர நீளமுள்ள தமிழ்ப் பெயர்கூட வெளியே நின்றுவிடும். வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

எழுத்துகள் மட்டுமே வர வேண்டும் என்று சரத்தின் ‘இஸ்ஆல்ஃபா’ முறையை நாடுபவர்கள் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே அது ‘இல்லை’ என்று விடை தரும். உயிர்மெய்க் குறிகளை அது எழுத்தாகக் கருதுவதில்லை. தமிழில் தன் பெயரை எழுதும் ஒருவரிடம் ‘இது செல்லாத பெயர்’ என்று சொல்லும் மென்பொருளை நாம் எழுதக் கூடாது. பெயர்ப் புலத்தில் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டையே தவிர்த்துவிடுவது மேல். மனிதர்களின் பெயர்களில் புள்ளி, இடைவெளி, ஒற்றை மேற்கோள், சிறு கோடு எல்லாம் வரும்.

ஒரே தோற்றமுள்ள சொல் இரு வேறு குறியீட்டு வரிசைகளாகவும் வரலாம். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒகரக் குறி சேர்த்து இரண்டு குறியீடுகளாக எழுதலாம். எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வந்து மூன்று குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிட்டால் இரண்டும் சமமல்ல. தேடும்போது ‘அப்படிப் பெயர் இல்லை’ என்று வருவதற்கு இது ஒரு காரணம். யூனிகோட்டேட்டா தொகுதியின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனை என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவத்தோடு அழைத்தால் இவை ஒன்றாகும். ‘ஸ்ரீ’ மட்டும் விதிவிலக்கு: ஸகரத்தோடு ஒரு வரிசை, ஶகரத்தோடு ஒரு வரிசை என இரண்டு வழக்குகள் உள்ளன, என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது.

‘பேட்டர்ன்’ என்ற வரம்பால் சரத்தின் வடிவத்தைச் சொல்லலாம். பைடான்டிக் இயல்பாக ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் எஞ்சினை, அதாவது எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் நிரலை, பயன்படுத்துகிறது. தீய நோக்கோடு அனுப்பப்பட்ட சரத்தால் அதை முடிவில்லாமல் சுழலவைக்க முடியாது என்பது பெரிய நன்மை. அடுத்து வரும் எழுத்துகளை முன்னோக்கிப் பார்க்கும் (‘லுக்அஹெட்’) விதிகளை அது ஏற்காது என்பது விலை. கட்டாயம் தேவையானால் அமைப்பில் பைத்தானின் சொந்த எஞ்சினுக்கு மாறலாம். வடிவம் சரத்தின் நடுவில் எங்கே பொருந்தினாலும் அது ஏற்றுக்கொள்ளும். எனவே தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் மறக்காமல் இடுங்கள். தொலைபேசி எண்ணுக்கு இலக்கத்தைக் குறிக்கும் சுருக்கக் குறியைத் தவிர்த்து, அடைப்புக்குள் 0 முதல் 9 வரை என்றே எழுதுங்கள். அந்தச் சுருக்கக் குறி ௧, ௨, ௩ போன்ற தமிழ் இலக்கங்களையும் ஏற்கும். அடுத்து அந்த எண்ணைப் பெறும் குறுஞ்செய்திச் சேவை அதை ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

படி 7: சொந்த விதிகள்

லைப்ரரி தரும் வரம்புகளுக்குள் அடங்காத விதிக்கு ‘ஃபீல்டு வேலிடேட்டர்’ என்ற அலங்காரத்தின் (‘டெக்கரேட்டர்’, ஃபங்ஷனின் தலைக்கு மேல் இடும் குறிப்பு) கீழ் ஒரு கிளாஸ்மெத்தட் எழுத வேண்டும். இதற்கு ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று இரண்டு முக்கிய நிலைகள். வகை மாற்றத்துக்கு முன் இயங்குவது பிஃபோர். அங்கே எந்த வகை மதிப்பும் வரலாம். பின் இயங்குவது ஆஃப்டர். அங்கே வகை உறுதியாகியிருக்கும். சொல்லப்படாவிட்டால் ஆஃப்டர்தான். தொலைபேசி எண்ணில் உள்ள இடைவெளிகளையும் கோடுகளையும், வடிவ வரம்பு பார்ப்பதற்கு முன் நீக்க வேண்டும் என்பதால் அது பிஃபோருக்கான வேலை. வந்தது சரம்தானா என்று முதலில் பார்த்துவிட்டே அதைத் தொட வேண்டும்; இல்லையேல் மாற்றாமல் திருப்பிக் கொடுங்கள், அடுத்த கட்டம் பார்த்துக்கொள்ளும்.

மதிப்பை ‘ரிட்டர்ன்’ செய்ய மறக்காதீர்கள். ஃபங்ஷன் திருப்பித் தருவதே புலத்தின் மதிப்பாகும். மறந்தால் சரியான தரவு நன்னாக மாறிவிடும், பிழைச் செய்தியும் வராது. விதி மீறப்பட்டால் ‘வேல்யூஎரர்’ எழுப்புங்கள். ‘அசர்ட்’ வரியும் ஏற்கப்படும்தான், ஆனால் பைத்தானை மேம்படுத்திய (‘ஆப்டிமைஸ்’) நிலையில் இயக்கினால் அசர்ட் வரிகள் அனைத்தும் நீக்கப்பட்டுவிடும். சரிபார்ப்பும் கூடவே போய்விடும். ‘டைப்எரர்’ எழுப்பினால் 2ஆம் பதிப்பு அதைச் சரிபார்ப்புப் பிழையாக மாற்றாது. அது நேராக வெளியே பாயும்.

ஒரே விதி பல மாடல்களில் தேவைப்பட்டால் ‘அன்னொடேட்டட்’ வகையோடு ‘ஆஃப்டர்வேலிடேட்டர்’ சேர்த்துப் புதிய வகை ஒன்றை உருவாக்கி, அதற்குப் பெயரிடுங்கள்.

படி 8: புலங்களுக்கு இடையிலான விதி

போகும் தேதி வரும் தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதற்கு உரிய இடம், ஆஃப்டர் நிலையில் எழுதிய ‘மாடல் வேலிடேட்டர்’. அங்கே எல்லாப் புலங்களும் தயாராக இருக்கும். ஒப்பிட்டுவிட்டு, அந்த மாடலையே குறிக்கும் ‘செல்ஃப்’ஐத் திருப்பித் தர வேண்டும். போகும் தேதியின் ஃபீல்டு வேலிடேட்டரிலேயே முந்தைய புலத்தைப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் அறிவித்த வரிசையில் முன்னால் இருப்பவை மட்டுமே அங்கே தெரியும். முந்தைய புலம் தவறியிருந்தால் அது அங்கே இருக்கவே இருக்காது.

மாடல் வேலிடேட்டரிலும் ஒரு குறை: ஏதாவது ஒரு புலம் தவறினாலும் ஆஃப்டர் நிலை விதி இயங்காது. பயனர் மின்னஞ்சலைத் திருத்தி மறுபடி அனுப்பிய பிறகே தேதி வரிசைப் பிழையைக் காண்பார். பெரும்பாலான படிவங்களுக்கு இது ஏற்கத்தக்கது.

படி 9: அறிவிக்காத புலங்கள்

மாடலில் இல்லாத புலம் வந்தால் பைடான்டிக் சத்தமின்றி அதை ஒதுக்கிவிடும். ‘எக்ஸ்ட்ரா’ அமைப்பை ‘ஃபர்பிட்’ என்று மாற்றினால் மறுக்கும். விருப்பப் புலத்தின் பெயரை ஒருவர் எழுத்துப்பிழையோடு அனுப்பினால், இயல்பு நிலையில் அவர் அனுப்பிய மதிப்பு காணாமல்போகும். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நாம் வெளியிடும் சேவைகளுக்கும் அமைப்புக் கோப்புகளுக்கும் ஃபர்பிட் வையுங்கள். பிறர் நமக்குத் தரும் பதில்களைப் படிக்கும்போது வேண்டாம். அவர்கள் புதிய புலம் ஒன்றைச் சேர்த்த நாளில் நம் நிரல் நின்றுவிடும்.

படி 10: பிழைகளை மனிதருக்குச் சொல்லுதல்

சரிபார்ப்பு தோற்றால் ‘வேலிடேஷன்எரர்’ எழும். அதன் சிறப்பு, முதல் பிழையோடு நிற்காமல் எல்லாப் புலங்களின் பிழைகளையும் ஒருசேரத் தருவதுதான். படிவத்தை நிரப்பியவருக்கு இது மரியாதை. ஒன்றைத் திருத்தினால் அடுத்தது, அதைத் திருத்தினால் இன்னொன்று என்று அலைக்கழிக்கும் படிவத்தைப் பலர் பாதியில் கைவிட்டுவிடுகிறார்கள்.

அதன் ‘எரர்ஸ்’ முறை ஒரு பட்டியலைத் தரும். ஒவ்வொரு பிழையிலும் ‘டைப்’ என்பது பிழையின் வகைப் பெயர்; ‘லோக்’ என்பது எந்தப் புலம் என்ற பாதை; ‘மெசேஜ்’ ஆங்கிலச் செய்தி, நிரலில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும்; ‘இன்புட்’ வந்த மதிப்பு. உள்ளடுக்கு மாடல்களில் லோக் முழுப் பாதையையும் சொல்லும்: விருந்தினர் பட்டியல், அதில் வரிசை எண் 2, அதில் வயது. வரிசை எண் 0இலிருந்து தொடங்குவதால், பயனரிடம் ‘மூன்றாவது விருந்தினர்’ என்று சொல்ல வேண்டும்.

ஆங்கிலச் செய்தியை அப்படியே திரையில் காட்டாதீர்கள். டைப் பெயரைத் திறவாகக் கொண்டு ஓர் அகராதி அமைத்து, தமிழ் வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். வரம்பின் எண் ‘சிடிஎக்ஸ்’ என்ற பகுதியில் கிடைக்கும்; ‘ஆட்களின் எண்ணிக்கை 6க்கு மேல் போகக் கூடாது’ என்று அந்த எண்ணை வாக்கியத்தில் பொருத்தலாம். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்வதால் யாருக்கும் உதவி இல்லை. என்ன செய்தால் சரியாகும் என்பதைச் சொல்லுங்கள்.

இன்புட் பகுதியில் கடவுச்சொல்லோ அட்டை எண்ணோ இருக்கலாம். பிழையை முழுதாகப் பதிவேட்டில் எழுதினால் அதுவும் பதிவாகிவிடும். எரர்ஸ் முறையை அழைக்கும்போது ‘இன்க்ளூட் இன்புட்’ வேண்டாம் என்று சொல்லலாம். பிழையின் உரை வடிவத்திலும் மறைக்க, ‘ஹைடு இன்புட் இன் எரர்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது.

படி 11: எல்லைக்கு வெளியே எஞ்சுபவை

மாடல் உருவாகும்போது மட்டுமே சரிபார்ப்பு நடக்கும். உருவான பிறகு ஒரு புலத்துக்குப் புதிய மதிப்பு இட்டால் பைடான்டிக் பார்ப்பதில்லை. ‘வேலிடேட் அசைன்மென்ட்’ அமைப்பை இயக்கினால் பார்க்கும். ‘ஃப்ரோசன்’ என்று வைத்தால் மாற்றவே விடாது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். இயல்பு மதிப்புகளும் சரிபார்க்கப்படுவதில்லை. ‘மாடல் கன்ஸ்ட்ரக்ட்’ முறை எல்லாச் சரிபார்ப்பையும் தாண்டிச் செல்வது. வேகத்துக்காக அதை வெளியிலிருந்து வரும் தரவுக்குப் பயன்படுத்திவிடாதீர்கள்.

இமெயில்ஸ்டர் முகவரியின் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது. அந்த அஞ்சல்பெட்டி இருக்கிறதா, அது இவருடையதா என்பதை அறிய உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்புவதுதான் வழி. அந்தத் தேதியில் அறை காலியா என்ற கேள்வியும் மாடலுக்குரியது அல்ல. வேலிடேட்டருக்குள் தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு பதிவு செய்தால், அந்த இடைவெளியில் இன்னொருவர் அதே அறையைப் பிடித்துவிடலாம். அதைத் தரவுத்தளத்தின் கட்டுப்பாடுகளிடமே விடுங்கள்.

வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் இந்தப் படிகள் பொருந்தும்; மாட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும் வேறு. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஸாட் லைப்ரரி தானாக வகை மாற்றாது, ஆனால் அதன் ‘கோயர்ஸ்’ வழியாக ஆம்-இல்லை வகைக்கு மாற்றச் சொன்னால் "ஃபால்ஸ்" என்ற சரமும் ஆம் ஆகிவிடும். ஜாவாவின் பீன் வேலிடேஷனில் நீளம், மின்னஞ்சல் போன்ற விதிகள் ‘நல்’ (எதுவுமில்லை) மதிப்பைச் சரி என்றே கொள்ளும். கட்டாயம் என்பதைத் தனி விதியாகச் சேர்க்க வேண்டும்.

படி 12: சோதனைகள்

சரியான தரவு ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு புலத்தை மட்டும் கெடுத்து அனுப்புங்கள். புலத்தை நீக்கி ஒரு முறை, நன்னோடு ஒரு முறை, வெற்றுச் சரத்தோடு ஒரு முறை, வெறும் இடைவெளிகளோடு ஒரு முறை. ஆட்களுக்கு 0, 1, 6, 7: வரம்பின் இரு பக்கங்களும். தேதிகள் இரண்டும் ஒரே நாளாக இருந்தால்? பெயருக்கு ‘ஸ்ரீ’, பிரிந்த குறிகளோடு வந்த ‘கொ’, மிக நீண்ட தமிழ்ப் பெயர். ஏற்க வேண்டியவை ஏற்கப்படுகின்றனவா என்பதையும் அதே கவனத்தோடு சோதியுங்கள். தேவைக்கு மேல் கண்டிப்பான விதி, உண்மையான பயனரை வெளியே நிறுத்திவிடும்.

தோற்க வேண்டிய சோதனைகளில், பிழை எழுந்தது என்பதோடு நிறுத்தாமல், லோக்கும் டைப்பும் எதிர்பார்த்தவையா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வேறு புலத்தின் பிழையால் சோதனை வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும். ஆங்கிலச் செய்தியின் வாசகத்தை ஒப்பிட வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு அது மாறக்கூடும்.